கல்லாவின் இரு பக்கம்

வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள் அந்த நகரத்தைப் பற்றி எழுதும்போது நூலகங்களையும் பூங்காக்களையும் பேராசிரியர்களையும் விரிவாக நினைவுகூர்வார்கள். படிப்புச் செலவுக்காகச் செய்த வேலையோ ஒரே வரியில் முடிந்துவிடும். தன்விவரக் குறிப்பில் அதற்கு இடமில்லை. கருத்தரங்க அறிமுகங்களில் அதை யாரும் வாசிப்பதுமில்லை. ஆயினும் ஒரு பெருநகரத்தின் நேரத்தையும் தூரத்தையும் பேச்சையும் மாணவருக்குக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அந்த வேலைதான். ஐதராபாத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருத்தி, ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஜூன் இறுதியில் நான்கு நாள் லண்டன் சென்று வந்தாள். இக்குறிப்பு அவள் அங்கே செய்த வேலையைப் பற்றியது.

அவள் முதன்முதலில் லண்டனில் இறங்கியது 2016 செப்டம்பரில், ஓராண்டு முதுகலைப் படிப்புக்காக. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற பொதுவாக்கெடுப்பு நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாக்கெடுப்புக்கு முன்பு நூறு ரூபாயை ஒட்டி நின்ற பவுண்டு, அக்டோபரில் 85 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. சம்பளத்தை ரூபாயாக மாற்றி ஊரில் கடனுக்கு வட்டி கட்டுகிறவர்களுக்குக் கெட்ட செய்தி. அவள் இரண்டு வரிசையிலும் நின்றாள். திருச்சியில் அப்பாவின் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பது வங்கிகளின் வழக்கம்.

மாணவர் விசாவின்படி, வகுப்பு நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில், 2011இல் திறக்கப்பட்ட பெரிய வணிக வளாகத்தின் காப்பிக் கடை ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி வயதைப் பொறுத்தது. 22 வயதான அவளுக்கு மணிக்கு 6 பவுண்டு 95 பென்னி. அதே கல்லாவில், அதே வேலையைச் செய்த 26 வயது ருமேனியப் பெண்ணுக்கு 7 பவுண்டு 20 பென்னி. அடுத்த ஏப்ரலில் அது முறையே 7.05, 7.50 என்றானது. வேறுபாடு கூடியது. இதில் யாருக்கும் ஒளிவுமறைவில்லை, சட்டத்திலேயே எழுதியிருந்தது.

சட்டத்தில் எழுதப்படாத கணக்கு ஒன்றும் இருந்தது. வேலைப் பட்டியலின்படி இரவு பத்து மணிக்கு அவளுடைய நேரம் முடியும். பத்து மணிக்குத்தான் கடையின் கதவு மூடப்படும். அதற்குப் பிறகு காப்பி இயந்திரத்தைக் கழுவி, கல்லாப் பணத்தை எண்ணி, மறுநாள் காலைக்கான சில்லறையைப் பிரித்து வைத்து, கடைசியாகத் தரையைத் துடைத்துவிட்டு வெளியே வர பத்தேகால், பத்தரை ஆகும். வாரம் நான்கு இரவுகள். கூட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூலியில்லாத வேலை. கேட்டிருக்கலாம் அல்லவா என்று பின்னாளில் நண்பர்கள் கேட்டதுண்டு. கேட்க முடியாததற்குக் காரணம் கூச்சமில்லை. பட்டியலில் அவளுக்கு ஏற்கெனவே 20 மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் ஏட்டில் ஏறினால் அவள் விசா நிபந்தனையை மீறியவள் ஆவாள். ஏட்டில் ஏறாதவரை கடைக்கு இலாபம், அவளுக்குப் பாதுகாப்பு. பறிக்கப்பட்ட நேரத்தைப் பற்றிப் பறிகொடுத்தவரே வாய் திறக்க முடியாதபடி இரண்டு விதிகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. இத்தனைக்கும் மேலாளர் கெட்டவரில்லை. அவரும் கூடவே நின்று தரை துடைத்தார்.

பகலில் புளூம்ஸ்பரியில் வகுப்பு. சமூகமொழியியல் பாடத்தின் இரண்டாவது வாரமே வில்லியம் லபோவின் நியூயார்க் ஆய்வு வந்தது. 1962இல் அவர் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குச் சென்றார்: வசதி படைத்தோருக்கான சாக்ஸ், நடுத்தர மக்களுக்கான மேசிஸ், மலிவுச் சரக்குக்குப் பெயர்பெற்ற எஸ். கிளைன். நான்காவது மாடியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி ஊழியரிடம் கேட்பார். ஊழியர் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்பார். காதில் விழாதவர்போல் மறுபடி கேட்பார். ஊழியர் இம்முறை சற்று அழுத்தமாகச் சொல்வார். லபோவ் நன்றி சொல்லிவிட்டு, ஊழியரின் கண்ணுக்கு மறைவாகச் சென்று, அந்த இரண்டு சொற்களில் 'ர்' ஒலித்ததா என்று குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். கடையின் படிநிலை உயர உயர 'ர்' ஒலிப்பும் கூடியது. வர்க்கத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள உறவை நிறுவிய செவ்வியல் ஆய்வு இது. இன்றும் எல்லா அறிமுக நூல்களிலும் உண்டு.

வகுப்பு முடிந்ததும் அவள் ஹோல்பனில் 25ஆம் எண் பேருந்தில் ஏறுவாள். ஒயிட்சேப்பல், மைல் எண்ட், போ வழியாக அது ஸ்ட்ராட்ஃபோர்டு சென்று சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். சுரங்க ரயில் விரைவானதுதான்; ஆனால் பேருந்துக்கு அப்போது ஒன்றரைப் பவுண்டு போதுமாயிருந்தது. பேருந்தில் வாசித்த கட்டுரைகளில் ஒன்று டி. எஃப். மிட்செல் 1957இல் வெளியிட்டது. லிபியாவின் சிரேனைக்காப் பகுதியில் வாங்குவோரும் விற்போரும் பேசும் அரபு மொழியைப் பற்றியது. பிரிட்டனின் முதல் பொது மொழியியல் பேராசிரியராக 1944இல் லண்டனில் பொறுப்பேற்ற ஜே. ஆர். ஃபர்த்தின் வழிவந்தவர் மிட்செல். முகமன், பொருளைப் பற்றிய விசாரிப்பு, பொருளைச் சோதித்துப் பார்த்தல், பேரம், முடிவு என்று விற்பனைப் பேச்சைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். சூழலிலிருந்து பிரித்தால் சொல்லுக்குப் பொருள் தேய்ந்துவிடும் என்பது ஃபர்த் மரபின் அடிப்படை. அதைச் சந்தையில் நிறுத்திக் காட்டிய கட்டுரை அது.

அதை மூடி வைத்துவிட்டு அவள் மேலங்கியைக் கட்டிக்கொண்டு கல்லாவுக்குப் போவாள். அங்கே பேரம் கிடையாது. விலை பலகையில் இருக்கிறது. முகமன் மட்டும் உண்டு. 'யூ ஆல்ரைட் தேர்?' என்று உடன் வேலை செய்பவர்கள் வாடிக்கையாளரைப் பார்த்துச் சொல்வதை முதல் வாரத்தில் அவள் நலம் விசாரிப்பாகவே எடுத்துக்கொண்டாள். 'என்ன வேண்டும்?' என்பதற்கு அங்கே அதுதான் சொல் என்று பிடிபடச் சில நாளாயிற்று. கல்லாவில் காலையில் வைக்கும் சில்லறைக்கு 'ஃப்ளோட்' என்று பெயர். இரவில் கடையை மூடும் பொறுப்புக்கு 'குளோஸ்'. போலந்துக்காரர், வங்கதேசத்துக்காரர், ருமேனியப் பெண், சியரா லியோன் பெற்றோருக்கு ஹாக்னியில் பிறந்த இளைஞர் எல்லோருக்கும் இச்சொற்கள் பொது.

அந்த ஹாக்னி இளைஞர் 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சில வேளை 'மேன்' என்பார். அடுத்த பருவத்தில் அதுவும் பாடமாக வந்தது. ஜென்னி செஷயர், பால் கெர்ஸ்வில், சூ ஃபாக்ஸ், ஐவிண்ட் டோர்கர்சன் ஆகியோர் ஹாக்னியில் செய்த ஆய்வு. கிழக்கு லண்டனின் பல இன இளைஞர் நட்புக் குழுக்களில் ஒரு புதிய ஆங்கிலம் உருவாவதை அவர்கள் விளக்கினார்கள். 'மேன்' அதில் தன்மை இடப்பெயராகவே இயங்குவதை செஷயர் 2013இல் தனிக் கட்டுரையாக எழுதினார். இலக்கணம் பிறப்பதை நூலில் படிப்பவர்கள் பலர். அது பால் நுரைக்கும் சத்தத்துக்கு நடுவில் பிறப்பதைப் பக்கத்தில் நின்று கேட்கும் வாய்ப்பு அவளுக்கு இருந்தது. ஆயினும் அவர் பேச்சை அவள் ஒருபோதும் குறித்துக்கொள்ளவில்லை. கூட நின்று தரை துடைப்பவரைத் தரவாக மாற்ற மனம் வரவில்லை.

இரவில் அதே 25ஆம் எண் பேருந்து அவளை மேனர் பார்க்கில் இறக்கிவிடும். சர்ச் சாலையின் முருகன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில், யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் வீட்டு மாடியில் ஓர் அறை. எண்பதுகளின் இறுதியில் வந்தவர்கள். வீட்டுக்கார அங்கிள் பல ஆண்டுகளாகப் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. அவர் கிளம்பும் நேரமும் அவள் திரும்பும் நேரமும் வாசலில் சந்தித்துக்கொள்ளும். 'பிள்ளை, சாப்பாடு மூடி வச்சிருக்கு' என்று அன்ரி உள்ளிருந்து குரல் கொடுப்பார். 'பேசுவது' அந்த வீட்டில் 'கதைப்பது'. அந்த ஆண்டு அவள் கற்ற புதிய மொழிகளில் அதையும் சேர்க்க வேண்டும்.

2017 செப்டம்பரில் படிப்பு முடிந்தது. விசாவில் நான்கு மாதம் மிச்சமிருந்தது. படிப்பு முடிந்துவிட்டதால் முழுநேர வேலைக்குத் தடையில்லை. அந்த அக்டோபர் 15ஆம் தேதியோடு பழைய வட்ட வடிவ ஒரு பவுண்டு நாணயம் செல்லாதாகிவிட்டது. பன்னிரண்டு பக்க நாணயம் மார்ச் மாதமே வந்திருந்தது. பழையதைக் கொண்டுவருவோரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கும் வாசகத்தை மேலாளர் ஒரு தாளில் எழுதிக் கல்லாவின் உட்புறம் ஒட்டியிருந்தார். பல வாரம் அவள் அதை ஒப்பித்தாள். சிலர் சிரித்தார்கள். சிலர், இது எங்கள் நாட்டுப் பணம், நீ யார் வேண்டாமென்று சொல்ல என்றார்கள். 2018 சனவரியில் விசா முடிந்து ஊர் திரும்பினாள். படிப்புக்குப் பின் ஓரிரு ஆண்டு தங்கி வேலை தேடும் விசாவை 2012இல் நிறுத்தியிருந்தார்கள். மறுபடி அத்தகைய ஏற்பாடு வந்தது 2021 சூலையில். அந்த ஒன்பதாண்டு இடைவெளியில் படித்தவர்கள் பலருக்கும் லண்டன் என்பது கடனோடு முடிந்த ஓராண்டுதான்.

2024இல் அவளுடையது பார்வையாளர் விசா. அதில் ஒரு மணி நேரம்கூடக் கூலி வேலை செய்யக் கூடாது. ஊரெங்கும் தேர்தல் துண்டறிக்கைகள். சூலை 4 வாக்குப்பதிவு, குடியேற்றம் எல்லாக் கட்சிகளின் பேச்சிலும் இருந்தது. 2022இல் திறந்த எலிசபெத் ரயில் பாதை, நகர நடுவிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஏறத்தாழ கால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 25ஆம் எண் பேருந்து இப்போது ஹோல்பன் வரை வருவதில்லை. சிட்டி தேம்ஸ்லிங்க் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. வகுப்பையும் கல்லாவையும் அறையையும் ஒரே கோட்டில் கோத்திருந்த வழித்தடம் மேற்கு முனையில் அறுந்திருந்தது.

மூன்றாம் நாள் கருத்தரங்கு முடிந்ததும் மேனர் பார்க் வீட்டுக்குப் போனாள். அன்ரி கதவைத் திறந்ததும் கேட்டது:

"வாரும் பிள்ளை. எத்தினை வருசம்! இன்னும் படிக்கிறீரோ?"

"இது பிஎச்.டி. அன்ரி."

"அப்ப எப்ப முடியும்?"

முனைவர் பட்ட ஆய்வாளர் எவரும் விரும்பாத கேள்வி. அங்கிள் உள்ளே சிரிப்பது கேட்டது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை, உடம்பு இன்னும் பழைய நேரத்திலேயே இருக்கிறது என்றார். மாடி அறையில் இப்போது தெலுங்குப் பெண்கள் இருவர். அவளுக்குப் பிறகு அந்த அறையில் தங்கியவர்களை அன்ரி விரல்விட்டு எண்ணினார். எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஏதோ ஒரு கடையில் வேலை பார்த்தவர்கள்.

"நீங்கள் எல்லாரும் திரும்பிப் போற ஆக்கள், பிள்ளை" என்றார் அங்கிள். "நாங்கள் போக இடமில்லாமல் வந்தனாங்கள். அதால நாங்கள் சம்பளத்தைப் பற்றிச் சண்டை பிடிச்சம். நீங்கள் வாய் திறக்கேல்ல."

அவர் குறை சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். அவருக்கு அகதித் தகுதி கிடைத்தபின் வேலை நேரத்துக்கு வரம்பில்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், இரவுப் படிக்காக வாதாடினார். அவளுடைய விசாவிலோ எண் குறித்திருந்தது. ஒரே வீட்டின் கீழும் மேலும் குடியிருந்த இரண்டு வகைத் தொழிலாளர்களுக்கு இடையில் இருந்த வேறுபாட்டை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அவளுடைய முதுகலைக் குறிப்பேடுகளில் அது எங்கும் இல்லை.

அங்கிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு. கடை அதே இடத்தில் இருந்தது. மூன்று கல்லாக்களில் இரண்டை எடுத்துவிட்டுத் தொடுதிரைகள் வைத்திருந்தார்கள். முகமன், விசாரிப்பு, முடிவு எல்லாம் விரல் நுனியில் நடந்தன. மிட்செல் பிரித்த கட்டங்களில் ஒன்றுக்கும் அங்கே குரல் தேவைப்படவில்லை. மீதமிருந்த ஒரு கல்லாவில் ஓர் இளைஞன் நின்றான். அவள் காப்பி சொல்லி, 2018இல் ஊருக்குக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்த இருபது பவுண்டுத் தாளை நீட்டினாள். ஆடம் ஸ்மித்தின் முகமும், வேலையைப் பகுத்துச் செய்யும் குண்டூசித் தொழிற்சாலையின் படமும் உள்ள தாள். கடைசி மாதச் சம்பளத்தில் எடுத்தது.

அவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். இந்தத் தாள் 2022 செப்டம்பரோடு செல்லாது, இங்கிலாந்து வங்கியில் மாற்றிக்கொள்ளலாம் என்று தட்டுத்தடங்கலின்றி ஆங்கிலத்தில் ஒப்பித்தான். வாக்கியங்களின் வரிசை அவளுக்குத் தெரிந்ததுதான்: முதலில் வருத்தம், பிறகு விதி, பிறகு வேறு வழி. நாணயத்துக்குப் பதில் தாள். "அட, இதுவுமா" என்று அவள் வாய்க்குள் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"தமிழாக்கா?"

அட்டையில் பணம் செலுத்திக்கொண்டே பேசினாள். விருதுநகர்ப் பையன். தரவு அறிவியல் முதுகலை. பின்னால் யாரும் நிற்கவில்லை. எத்தனை மணி நேரம் வேலை என்ற கேள்வி அவள் நாவின் நுனிவரை வந்தது. ஊரில் உறவினர்களும், கடன் வங்கியில் மேலாளரும், அக்கறையுள்ளவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. குடியேற்றத் துறை அதிகாரியும் அதையேதான் கேட்பார். கேட்டால் அவன் '20' என்பான். அவளும் அப்படித்தான் சொல்லி வந்தாள். வேறொன்றைக் கேட்டாள்.

"குளோஸ் நீங்களா தம்பி?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஆமாக்கா. வாரத்துல நாலு நாள் நான்தான்."

"கதவைச் சாத்தினப்புறம்தானே தரை?"

"நீங்க இங்க வேலை பார்த்திருக்கீங்களா?"

"இதே கல்லால. 2016."

அவன் சிரித்தான். கூலி அப்போது எவ்வளவு என்று கேட்டான். சொன்னாள். இப்போது 21 வயது முதல் எல்லோருக்கும் ஒரே கூலி, 11 பவுண்டு 44 பென்னி என்றான். பிறகு, அவள் கேட்காமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "ஆனா தரை இன்னும் கணக்குல வராதுக்கா."

வயதுக் கூலியின் ஏற்றத்தாழ்வு நீங்கியிருக்கிறது. சட்டத்தில் எழுதியிருந்ததால் அதை எதிர்த்து வாதாட முடிந்தது, மாற்ற முடிந்தது. எழுதப்படாதது அப்படியே இருக்கிறது.

இதில் மொழியியலாளருக்கு ஒரு செய்தி உண்டு. லபோவ் நியூயார்க்கில் கேட்டதும் மிட்செல் சிரேனைக்காவில் பதிந்ததும் கல்லாவைத் தாண்டி வரும் பேச்சு. அதை அவர்கள் நுட்பமாக வருணித்தார்கள். அந்த நுட்பத்தின் மீதுதான் அத்துறை நிற்கிறது. கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தே அறிய வேண்டியிருக்கிறது என்ற முரணை லபோவே பின்னர் விரிவாக எழுதினார். ஆனால் ஊழியரின் பேச்சை வடிவமைப்பதில் வாடிக்கையாளரின் வர்க்கத்துக்கு இருக்கும் பங்கு, சொல்லக் கூடாதவற்றுக்கும் உண்டு. சில கேள்விகளுக்கு அவர்களிடம் ஆயத்தமான பதில் இருக்கிறது. அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை, ஏட்டில் உள்ளது. கேட்பவர் யார் என்று தெரியும்வரை அதுவே வரும். கேட்பவரும் ஒரு காலத்தில் அதே தரையைத் துடைத்தவர் என்று தெரிந்த பிறகு வந்த வாக்கியம் வேறு மொழியில், வேறு குரலில், வேறு இலக்கணத்தில் வந்தது.

அவளுடைய ஆய்வு, ஐதராபாத் உணவகங்களில் வேலை செய்யும் ஒடிசா, வங்காள இளைஞர்கள் தக்கினியைக் கற்றுக்கொள்ளும் விதம் பற்றியது. அதற்கான வினாநிரலில் பெயர், ஊர் ஆகியவற்றுக்கு அடுத்து, 'நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை?' என்ற கேள்வி இருந்தது. மொழியைக் கேட்கும் நேரத்தை அளக்க அது தேவையான மாறி. நெறிமுறைக் குழுவும் அதை ஏற்றிருந்தது. ஊர் திரும்பியதும் நெறியாளரிடம் பேசி அதை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் இப்போது இருப்பது: 'கடையை மூடிய பிறகு என்னென்ன வேலை இருக்கும்?' அதைக் கேட்பதற்கு முன் லண்டன் காப்பிக் கடையில் தான் செய்த வேலைகளை அவளே தக்கினியில் சொல்லிவிடுகிறாள். அவளுடைய இலக்கணப் பிழைகளைத் திருத்துவதிலிருந்து அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். பதில்கள் நீளமாக இருக்கின்றன. சிலர் மணிக்கணக்கையும் தாங்களாகவே சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. சொல்லாதவர்களின் படிவத்தில் அந்தக் கட்டத்தை அவள் வெறுமையாகவே விட்டு வைக்கிறாள்.